பள்ளி முடித்ததும் கட்டுமான அப்ரண்டிஸ்: பதிவு முதல் சான்றிதழ் வரை

பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்துவிட்டுக் கட்டிட வேலைக்குப் போக நினைக்கும் பையனுக்குத் தமிழ்நாட்டில் பழகிப்போன வழி, தெரிந்த மேஸ்திரியிடம் போய் நிற்பதுதான். அதில் கை பழகும், சந்தேகமே இல்லை. ஆனால் நாலைந்து வருடம் கழித்து ஒரு பெரிய கம்பெனி வாசலில் போய் நின்றால், இத்தனை நாள் என்ன செய்தாய் என்பதற்குக் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. இன்னொரு பக்கம், சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, செங்கல்லை நனைத்துவிட்டு வைக்க வேண்டும் என்பதே தெரியாமல் வருபவர்களும் உண்டு. 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின்படி பதிவு செய்து அப்ரண்டிஸாக, அதாவது தொழிற்பழகுநராகச் சேர்ந்தால் வேலையும் காகிதமும் ஒன்றாகவே கிடைக்கும். சைட்டுக்கு வரும் புதுப் பசங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் சொல்கிறேன்: முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது வேலை தெரியாததால் இல்லை, முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்வதால்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். சட்டமும் பதிவு செய்யும் அரசு போர்ட்டலும் நாடு முழுக்க ஒன்றுதான். ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) சலுகை, நலவாரியம், லைசென்ஸ் பற்றிச் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்கு.

1. முதலில் காகிதங்கள், அதிலும் பெயர்

தேவையானவை அதிகமில்லை. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், உங்கள் பெயரிலேயே ஒரு மொபைல் நம்பர், உங்களுடைய சொந்த மின்னஞ்சல்.

சிக்கல் நம் ஊர் இனிஷியலில் வருகிறது. மார்க் ஷீட்டில் "முருகன் கா" என்று இருக்கும். ஆதாரில் அப்பா பெயரைச் சேர்த்து "முருகன் காளிமுத்து" என்று இருக்கும். வங்கியில் "கா.முருகன்". மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம் இருந்தாலும் இதே கதைதான். மார்க் ஷீட்டை மாற்றுவது பெரிய அலைச்சல், ஆகவே மார்க் ஷீட்டில் இருப்பதுபோல ஆதாரைத் திருத்துங்கள், பிறகு வங்கிக்குப் போங்கள். ரிசல்ட் வந்த வாரத்திலேயே இதைத் தொடங்கினால் அட்மிஷன் நேரத்தில் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

அடுத்து, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். சும்மா ஆதார் ஜெராக்ஸ் கொடுத்ததை இணைப்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அரசுப் பணம் நேரடியாக விழும் கணக்காக இது இருக்கிறதா என்று கவுண்டரில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

வயது: சட்டப்படி 14 வயதிலேயே அப்ரண்டிஸ் ஆகலாம், ஆனால் ஆபத்தான தொழில்களுக்கு 18 முடிந்திருக்க வேண்டும். உயரத்தில் சாரம் ஏறும் சைட்டில் 18 முடியாத பையனை எந்த ஒழுங்கான கம்பெனியும் உள்ளே விடாது. பத்தாவது முடித்த 15, 16 வயதுக்காரர்கள் இடையில் இருக்கும் காலத்தை ஐ.டி.ஐ.யில் கழிப்பதுதான் புத்திசாலித்தனம்.

2. வீட்டில் உட்கார்ந்து பணக் கணக்கு

இதைத் தாண்டாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். பாதியில் விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் பணத்துக்காகத்தான் போகிறார்கள்.

அப்ரண்டிஸுக்குக் கொடுப்பது உதவித்தொகை, சம்பளம் கிடையாது. 2019-இல் திருத்திய விதிகளின்படி குறைந்தபட்ச மாதத் தொகை பத்தாவது முடித்தவருக்கு 6,000 ரூபாய், பிளஸ் டூவோ ஐ.டி.ஐ. சான்றிதழோ உள்ளவருக்கு 7,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் 15 சதவீதமும் கூடும். இது அடிமட்டம்தான், இதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் சட்டம் தடுக்காது. கையெழுத்துப் போடும் நாளில் போர்ட்டலில் என்ன தொகை இருக்கிறதோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்த கம்பெனியாக இருந்தால், இந்தத் தொகையில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு உங்கள் கணக்கில் நேராகப் போட்டுவிடும். மீதியைக் கம்பெனி போடும். ஒரே மாதத்தில் இரண்டு வரவு வரும், ஒன்று தாமதமாக வரும். ஆதார் இணைப்பு சரியில்லாதவருக்கு இந்த 1,500 மட்டும் வராமல் நிற்கும், அவர் கம்பெனி பிடித்துக்கொண்டதாக நினைத்து ஹெச்.ஆரிடம் சண்டைக்குப் போவார்.

இப்போது மறுபக்கம். பக்கத்துத் தெருவில் பெரியாளாக, அதாவது கொத்தனாருக்கு எடுத்துக் கொடுக்கும் ஆளாகப் போகும் நண்பனுக்குப் பல ஊர்களில் நாள் கூலியே 700, 800 என்று ஓடுகிறது. சனிக்கிழமை சாயந்திரம் அவன் கையில் பணம் புரளும்போது உங்கள் கையில் இருக்காது. இதை ஆரம்பத்திலேயே வீட்டில் பேசிவிட வேண்டும். தங்குமிடம், சாப்பாடு கம்பெனி தருகிறதா என்பதைப் பொறுத்து மாதம் எவ்வளவு மிஞ்சும், வீட்டுக்கு எவ்வளவு தர முடியும், எத்தனை மாதத்துக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் கடன் நெருக்குகிறது என்றால் ஆறு மாத, ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சியாகப் பாருங்கள், மூன்று வருடத்தில் கை வைக்காதீர்கள்.

3. தொழிலைத் தேர்ந்தெடுப்பது

"கட்டிட வேலை" என்று ஒரு வேலை கிடையாது. கொத்தனார் வேலை, கம்பி கட்டுவது, சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்ற அச்சுப் பலகை அடிப்பது), பிளம்பிங், எலக்ட்ரிக்கல், வெல்டிங், டைல்ஸ், பெயிண்டிங், சர்வே, டிராயிங் என்று தனித்தனி. அப்ரண்டிஸ் ஒப்பந்தம் ஏதாவது ஒன்றுக்குத்தான் போட முடியும், நடுவில் மாற்றுவது மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்குச் சமம். எனவே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லீவில் தெரிந்தவர் யாராவது வேலை நடத்தும் சைட்டுக்குச் சில நாள் போய், ஒரு வேலையைக் காலையிலிருந்து சாயந்திரம் வரை கவனியுங்கள். சுவர் எழும்புவதைப் பத்து நிமிடம் பார்த்தால் எல்லோருக்கும் பிடிக்கும். மதியம் இரண்டு மணிக்கு வெறும் தளத்தில் குனிந்தபடி கம்பி முடிச்சுப் போடும் ஆளைப் பாருங்கள், அப்புறமும் பிடித்திருந்தால் அது உங்களுக்கான வேலை.

உடம்பையும் கேளுங்கள். உயரம் என்றால் தலை சுற்றுகிறதா? சென்ட்ரிங்கும் ஸ்டீல் வேலையும் வேண்டாம். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியவில்லையா? வயர் நிறத்தைப் பார்த்துச் செய்யும் எலக்ட்ரிக்கல் வேண்டாம், கண் டாக்டரிடம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சிமெண்ட் பட்டால் சிலருக்குக் கையில் அரிப்பும் வெடிப்பும் வரும். கையுறை போட்டும் தீரவில்லை என்றால் கொத்தனார் வேலையில் வாழ்நாளை ஓட்ட முடியாது.

பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மேஸ்திரி வழியில் உள்ளே போகும் பெண் சித்தாளாகத் தொடங்கி, பெரும்பாலும் சித்தாளாகவே நின்றுவிடுகிறார். கொத்துக் கரண்டியை அவர் கையில் கொடுப்பவர் அரிது. ஐ.டி.ஐ.யும் பதிவு செய்த அப்ரண்டிஸும்தான் அதைச் சுற்றிப் போகும் பாதை. எலக்ட்ரீஷியன், சிவில் டிராஃப்ட்ஸ்மேன், சர்வேயர் மூன்றும் பெண்கள் தைரியமாக எடுக்கக்கூடியவை.

4. ஐ.டி.ஐ. போய்விட்டா, நேரடியாகவா

இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. நேரடியாகச் சேர்பவருக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி, பிறகு சைட். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு அடிப்படை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று கணக்கு, அதனால் அப்ரண்டிஸ் காலம் குறையும்.

என் கருத்தைக் கேட்டால்: எலக்ட்ரிக்கல், டிராஃப்ட்ஸ்மேன், சர்வே, வெல்டிங் என்றால் ஐ.டி.ஐ. போய்விட்டு வாருங்கள். எலக்ட்ரீஷியனும் சிவில் டிராஃப்ட்ஸ்மேனும் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். கம்பி கட்டுவது, சென்ட்ரிங், கொத்து வேலை என்றால், 18 முடிந்திருந்தால், நேரடியாகப் போவதில் தப்பே இல்லை. இந்தத் தொழில்களில் வகுப்பறையைவிட சைட்தான் கற்றுக் கொடுக்கும்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். இதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். தனியார் ஐ.டி.ஐ. என்றால் முதலில் ஒர்க்ஷாப்பைப் பாருங்கள். மெஷின் மேல் தூசி படிந்திருந்தால் அங்கே யாரும் எதையும் தொடுவதில்லை என்று அர்த்தம்.

குறுகிய காலப் பயிற்சியும் உண்டு. எல் அண்ட் டி நிறுவனம் காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் நடத்துகிறது. கம்பி கட்டு, சென்ட்ரிங், கொத்து வேலை போன்றவற்றை அங்கே சில மாதங்களில் கற்கலாம். அது பயிற்சிதான், அப்ரண்டிஸ் ஒப்பந்தம் தனி. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

5. போர்ட்டலில் பதிவு

அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா என்ற அரசு போர்ட்டலில் உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. "பதிவு செய்து தருகிறேன், வேலையும் வாங்கித் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இங்கே பொதுவாக நடக்கும் தப்பு ஒன்று உண்டு. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதிவு செய்யும்போது, "மெயில் ஐடி இருக்கா தம்பி?" என்று அவர் கேட்பார், இல்லை என்றதும் கடையின் மெயிலையே போட்டுவிடுவார். இரண்டு மாதம் கழித்து ஒரு கம்பெனி உங்களுக்கு வாய்ப்பு அனுப்பும், அது கடைக்காரர் மெயிலில் போய்த் தூங்கும். ஆகவே மெயிலும் பாஸ்வேர்டும் உங்களுடையதாக இருக்கட்டும், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

கல்வித் தகுதியை முழுமையாக நிரப்பிச் சான்றிதழ்களை ஏற்றுங்கள். அரைகுறையாக நிற்கும் கணக்கை வைத்து விண்ணப்பிக்க முடியாது.

பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பாடப்பிரிவு எடுத்தவர்களும் பாலிடெக்னிக் முடித்தவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கான பயிற்சியை நடத்துவது சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். அதற்குப் போர்ட்டல் வேறு. தவறான இடத்தில் பதிவு செய்துவிட்டு, கூப்பிடவே இல்லை என்று காத்திருப்பது வீண்.

6. கம்பெனி தேடுவது

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் சட்டப்படி அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். மொத்த ஆட்களில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை எடுக்கலாம், கான்ட்ராக்ட் ஆட்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். 4 முதல் 29 பேர் உள்ள நிறுவனம் விரும்பினால் எடுக்கலாம். இரண்டு பேரை வைத்துக்கொண்டு வீடு கட்டும் மேஸ்திரியால் எடுக்க முடியாது. அவர் "என்னிடமே அப்ரண்டிஸாக இரு" என்று சொன்னால், நல்ல மனசு, ஆனால் அது சட்டப்படியான பயிற்சி ஆகாது.

எங்கே போய்க் கேட்பது? போர்ட்டலில் விண்ணப்பித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உங்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் அரசு ஐ.டி.ஐ. வளாகங்களில் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் நடத்தும், கம்பெனிக்காரர்கள் நேரில் வருவார்கள். முகாமுக்குப் போகும்போது பயோடேட்டா நாலைந்து பிரதி, அசல் சான்றிதழ், ஜெராக்ஸ் எல்லாம் கொண்டு போங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை.

பேசும்போது நீங்களும் கேளுங்கள். எந்த சைட்? கட்டிடம் எந்த நிலையில் இருக்கிறது? இது மிக முக்கியம், யாரும் கேட்பதில்லை. அஸ்திவாரத்தில் இருக்கும் சைட்டில் டைல்ஸ் வேலை பழக முடியாது, பூச்சு முடிந்த சைட்டில் சென்ட்ரிங் பழக முடியாது. ஒரு வருடத்தில் எத்தனை சைட்டுக்கு மாற்றுவீர்கள், யாருக்குக் கீழே வேலை, தங்க இடம் எங்கே என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் சேர அவசரப்படாதீர்கள்.

7. ஒப்பந்தம்: நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்

கம்பெனி போர்ட்டல் வழியாக வாய்ப்பு அனுப்பும், நீங்கள் ஏற்க வேண்டும், பிறகு ஒப்பந்தம் உருவாகும், கையெழுத்தாகிப் பதிவாகும். 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். பதிவு எண் வந்தால்தான் நீங்கள் அப்ரண்டிஸ். "முதலில் வேலைக்கு வா, ஒப்பந்தம் அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றால் அந்த ஒரு மாதம் உங்கள் பயிற்சிக் கணக்கில் சேராது, அந்த மாதத்தில் அடிபட்டால் நீங்கள் யார் என்ற கேள்வியே வரும். எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டு சைட்டுக்குள் கால் வையுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது, முதலில் தொழிலின் பெயர். நீங்கள் கேட்டது கம்பி கட்டுவது, அங்கே எழுதியிருப்பது வேறு ஏதாவது என்றால் சான்றிதழிலும் அந்த வேறு ஏதோதான் வரும். அடுத்து, அரசு நிர்ணயித்த தொழிலா, கம்பெனியே வகுத்த விருப்பத் தொழிலா என்பது. எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற நிர்ணயித்த தொழில் என்றால் முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் உண்டு. விருப்பத் தொழில் என்றால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை காலம் மாறும், கட்டுமானத்துக்கான துறைத் திறன் கவுன்சில் மதிப்பீடு செய்யும். தொடங்கும் தேதி, முடியும் தேதி, தொகை, பயிற்சி இடம் இவற்றையும் ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள்.

உங்களுக்குச் சாதகமாகச் சட்டத்தில் சில விஷயங்கள் இருக்கின்றன, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வர வேண்டும். அப்ரண்டிஸுக்குச் சதுரஅடிக் கணக்கிலோ பீஸ் ரேட்டிலோ பணம் தரக் கூடாது, ஏனென்றால் அளவுக்குப் பணம் என்றால் அவசரம் வரும், கற்பது போய்விடும். அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. வேலை இடத்தில் விபத்து நடந்தால் சட்டப்படி இழப்பீட்டுக்குக் கம்பெனி பொறுப்பு. பாதகமான ஒன்றும் இருக்கிறது: பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. பாதியில் காரணமில்லாமல் நீங்கள் விட்டுப் போனால் பயிற்சிச் செலவைக் கேட்கவும் வழி உண்டு. அதனால் பிடிக்கவில்லை என்றால் சொல்லாமல் ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள், எழுத்தில் கொடுத்து ஒப்பந்தத்தை முறையாக முடியுங்கள். போர்ட்டலில் பழைய ஒப்பந்தம் திறந்தபடியே கிடந்தால் அடுத்த கம்பெனி உங்களை எடுக்க முடியாமல் நிற்கும்.

8. முதல் வாரம்

ஹெல்மெட், பாதுகாப்பு ஷூ, கையுறை, உயரத்துக்கான பெல்ட் எல்லாம் கம்பெனி தர வேண்டியவை. ஷூ உங்கள் அளவில் வராவிட்டால் வேறு கேளுங்கள். பெரிய ஷூவில் சாரம் ஏறுவது வெறுங்காலைவிட மோசம். பெல்ட்டைக் கட்டினால் மட்டும் போதாது, கொக்கியை உறுதியான இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். பெல்ட் இடுப்பில், கொக்கி காற்றில் என்று நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம்.

உங்கள் சொந்தமாக வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: 5 மீட்டர் டேப், பென்சில், பாக்கெட் நோட்டு. தொழிலைப் பொறுத்துக் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் ஒரு மாதம் கழித்து வாங்கினால் போதும், எது நல்லது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

சிமெண்ட் கலவை கையில், காலில் பட்டால் உடனே தண்ணீரில் கழுவுங்கள். ஷூவுக்குள் ஈரக் கலவை போய்விட்டால் வேலையை நிறுத்திக் கழற்றிக் கழுவ வேண்டும். சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தோல் வெந்துவிடும். வலி தாமதமாகத்தான் தெரியும், அதுதான் ஆபத்து.

9. கற்பது, எழுதுவது

முதல் மாதம் எடுத்துக் கொடுக்கும் வேலைதான் தருவார்கள். அதில் தவறில்லை. எடுத்துக் கொடுக்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கொத்தனாருக்குச் செங்கல் கொடுப்பவன் நூல் எப்படிப் பிடிக்கிறார், எத்தனை வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டு விடுகிறார் என்று பார்த்தால் பாதி வேலை பழகிவிடும்.

அப்புறம் தினமும் எழுத வேண்டும். பயிற்சிப் பதிவேடு என்று கம்பெனி ஒன்று வைத்திருக்கும், அதை மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து ரொப்பாதீர்கள். உங்கள் பாக்கெட் நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் பற்றிக் கம்பி வேலைக்காரர் எழுதிய ஒரு பக்கம் இப்படி இருக்கலாம் (கவர் என்பது கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட் கனம்):

"தூண் 9க்கு 12 அங்குலம் (230க்கு 300 எம்.எம்.). கவர் 40 எம்.எம். எல்லாப் பக்கமும். அப்போது ரிங் 150க்கு 220. சுற்றளவு 740. 8 எம்.எம். கம்பி, ஒரு கொக்கிக்குக் கம்பி விட்டத்தில் பத்து மடங்கு, இரண்டு கொக்கிக்கு 160. மொத்தம் 900. வளைவுக்குக் கழிவு 96. வெட்டு நீளம் 804, வெட்டியது 80 செ.மீ. கொக்கி 135 டிகிரி. முதலில் 90-இல் வளைத்தேன், ஃபோர்மேன் திருப்பி அனுப்பினார்."

கடைசி வரி விலைமதிப்பு மிக்கது. ஏன் திருப்பி அனுப்பினார் என்று அன்றே கேட்டிருப்பீர்கள்: 90 டிகிரி கொக்கி, மேலிருக்கும் கான்கிரீட் உதிர்ந்தால் விரிந்துவிடும், 135 டிகிரி உள்ளே குத்தி நிற்கும். இப்படிக் காரணத்தோடு ஐம்பது பக்கம் இருந்தால் தேர்வுக்குத் தனியாகப் படிக்க வேண்டியதே இல்லை.

எந்தத் தொழிலாக இருந்தாலும் மூன்று பொதுக் கணக்கு கைவசம் இருக்கட்டும். மூலைமட்டம் பார்க்க 3-4-5: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். கம்பி எடைக்கு, விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. சிமெண்ட் ஒரு மூட்டை 50 கிலோ, ஒன்றேகால் கன அடி. இந்த மூன்றையும் மனதில் போட்டுச் சொல்லும் பையனை எந்த ஃபோர்மேனும் வெறும் எடுபிடியாக வைத்திருக்க மாட்டார்.

டிராயிங் படிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். டீ டைமில் சைட் இன்ஜினியரிடம், "சார், இந்தத் தளத்து டிராயிங்கைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். நீங்கள் நிற்கும் இடத்தை அதில் கண்டுபிடியுங்கள், அங்கிருந்து தொடங்கினால் சுலபமாகப் பிடிபடும்.

10. ஸ்டோரில் மாட்டிக்கொண்டால்

பிளஸ் டூ படித்திருக்கிறான், இங்கிலீஷ் எழுதத் தெரியும் என்றால் ஸ்டோரில் உட்கார வைத்துச் சிமெண்ட் மூட்டை எண்ணச் சொல்லும் சைட்டுகள் உண்டு. நிழல், ஃபேன், நாற்காலி எல்லாம் இருக்கும், சுகமாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் உங்கள் பேட்ச் பையன் பீம் கம்பி கட்டுவான், நீங்கள் சலான் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஓரிரு வாரம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மாதமாக நீண்டால் முதலில் ஃபோர்மேனிடம் வாயால், பிறகு பயிற்சிக்குப் பொறுப்பானவரிடம் மெயிலில் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள தொழிலில் எந்தெந்த வேலை இன்னும் பழகவில்லை என்று பட்டியல் போட்டு அனுப்புங்கள். "எனக்கு வேலை தரவில்லை" என்று புகார் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. "பூச்சு வேலை இன்னும் பார்க்கவில்லை, இரண்டாம் மாடியில் நடக்கிறது, அனுப்ப முடியுமா" என்று கேட்டால் அனுப்பிவிடுவார்கள். அப்படியும் நகரவில்லை என்றால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். மெயில் பிரதிகள் அங்கே உதவும்.

11. தேர்வும் சான்றிதழும்

நிர்ணயித்த தொழிலில் இருப்பவர்களுக்கு சைட் வேலையோடு பாட வகுப்பும் உண்டு. அதற்கு அனுப்பாமல் வேலையை மட்டும் வாங்குகிறார்கள் என்றால் கேளுங்கள், தேர்வில் எழுத்துத் தாள் இருக்கிறது. முடிவதற்கு மூன்று மாதம் முன்பே வருகைப் பதிவு, பதிவேட்டுக் கையெழுத்து, போர்ட்டலில் உங்கள் விவரம் மூன்றும் சரியா என்று பாருங்கள். கம்பெனி போர்ட்டலில் பயிற்சி முடிந்ததாகக் குறிக்காவிட்டால் சான்றிதழ் வராது. பயிற்சி முடிந்த பிறகு இதைச் செய்து தர யாருக்கும் நேரம் இருக்காது, அந்த ஹெச்.ஆரே வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

கடைசி நாளில் அனுபவக் கடிதமும் கேட்டு வாங்குங்கள். சைட் பெயர், கட்டிட வகை, நீங்கள் செய்த வேலை, காலம் இவை அதில் இருக்கட்டும். "நன்றாக வேலை செய்தார்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பயனில்லை.

12. முடித்த கையோடு

அதே கம்பெனி எடுத்தால் நல்லது, இல்லாவிட்டால் இனி நீங்கள் பெரியாள் கூலியில் தொடங்க வேண்டியதில்லை. கேட்கும் முன் அந்த ஊரில் அந்தத் தொழிலுக்கு என்ன கூலி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

தொழிலாளியாக வேலையில் சேர்ந்ததும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யுங்கள். 18 முதல் 60 வயது வரை பதியலாம், கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே முடியும். விபத்து, திருமணம், மகப்பேறு, பிள்ளைகள் படிப்பு, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. அட்டையில் உள்ள புதுப்பிக்கும் தேதியை மறந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

எலக்ட்ரிக்கல்காரர்கள் மின்வேலைக்கான அரசு லைசென்ஸ் வாங்கும் பாதையை இப்போதே பாருங்கள். இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், சூப்பர்வைசர் வேலைக்கு அது நல்ல படி. வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு, பத்தாவது தேறியிருந்தால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதிக் கட்டாய முத்திரை விழாது, ஆகவே பாஸ்போர்ட் எடுக்கும்போது பத்தாவது சான்றிதழை மறக்காமல் காட்டுங்கள். ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்கும் முன் அவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே ஒருமுறை விசாரித்துவிட்டு வந்தால் லட்சக்கணக்கில் கடன் வாங்குவதற்கு முன் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.